இடைவேளைக்கு வீட்டுக்கு வரும் குரல்

காலைக் காட்சி பத்தரைக்கு என்றால் பத்து இருபத்தொன்பதுக்குள் நான் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட வேண்டும். பத்தரைக்கு என் குரல் தொண்டையை விட்டு இறங்கி, எங்கள் சந்தின் குறுக்கே போய், தியேட்டரின் பின்சுவர் வழியாக உள்ளே போய் எருமைக்குப் பேச ஆரம்பித்துவிடும், இடைவேளைக்குப் பத்து நிமிஷம் வீட்டுக்கு வரும், வந்த கையோடு திரும்பிப் போகும், படம் முடிந்து ஒரு மணிக்கு வந்தால் இரண்டே காலுக்கு மறுபடியும் கிளம்பிவிடும். ஒரு நாளைக்கு நாலு காட்சி, நூற்றுப்பதினோரு நாள், ஒரு நாள்கூட லீவு போடவில்லை. படம் இருநூறு ஊரில் ஓடியது, ஆனால் என் குரல் நேரம் பார்த்தது எங்கள் தியேட்டர் கடிகாரத்தை மட்டும்தான், மற்ற ஊர்களுக்கு அது எப்படிப் போய்வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்பதற்கு எனக்கு எங்கே நேரம்.

எங்கள் சந்து தசரதபுரத்தில் அந்தத் தியேட்டரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தணிகாசலம் டப்பிங் ஸ்டுடியோக்களில் ஏசி பழுது பார்க்கிறவர். நான் ஆறாவது வரை படித்தவள், கல்யாணமாகிப் போளூர் பக்கத்திலிருந்து வந்தவள். கடையில் புளி வாங்கப் போனால் கடைக்காரர் எல்லாருக்கும் கொடுத்து முடித்து "உனக்கு என்னம்மா" என்று அவராகக் கேட்கும்வரை தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். எனக்கு வாய் உண்டு என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அது என் மகள் பூவிழி. அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஓடத்தான் செய்தாள். அவள் பின்னாலேயே போய், சத்தம் போடாமல், பல்லுக்குள்ளேயே, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே தூக்கி வருவேன். அதைத் தாலாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, என் திட்டைக் கேட்டால்தான் தூங்குவாள்.

ஸ்டுடியோவில் ஏசி நின்றுபோன ஒரு நாள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உள்ளே ஒரு கார்ட்டூன் படத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. தொலைந்துபோன கன்றுக்குட்டியைத் தேடி டவுன் பஸ்ஸில் ஏறி ஊர் ஊராக அலைகிற ஒரு எருமையின் கதை, சிரிப்புப் படம், பெயர் 'மங்களநாயகி பஸ் ஏறினாள்'. மங்களநாயகி அந்த எருமை. இந்த மாதிரிப் படத்தில் முதலில் யாராவது ஒருத்தரைப் பேச வைத்துப் பதிவு செய்வார்கள், அந்தப் பேச்சுக்கு ஏற்ப வாயை வரைவார்கள், கடைசியில் பெரிய நடிகை வந்து அந்த வாய்க்குப் பேசிவிட்டுப் போவார், முதலில் பேசியவரின் குரலை அழித்துவிடுவார்கள். அழிக்கப்போகிற அந்தக் குரலுக்குப் பைலட் என்று பெயர். அந்தப் பைலட்டுக்கே நாற்பத்தோரு பெண்களைப் பேச வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சரிவராமல், டைரக்டர் ஆதவன் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்த நேரத்தில் பூவிழி ரெக்கார்டிங் அறைக்குள் ஓடிவிட்டாள். பின்னாலேயே போனேன்.

"வந்த இடத்துலயாவது ஒரு நிமிஷம் நிக்கிறியா, உனக்குக் கால்ல சக்கரமா, நான் ஒருத்தி எத்தன பக்கம்தான் ஓடுவேன், உன்னத் தேடியே என் ஆயுசு தீரப்போவுது, வாடி இங்க, ஏன் சிரிக்கிற, நான் என்ன கூத்தா ஆடுறேன்."

மைக் திறந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆதவன் சார் எழுந்து நின்றார்.

"எருமை வந்துருச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் ஏணி மேலிருந்து, "சார், அது என் ஒய்ஃப்" என்றார்.

அப்படித்தான் நான் பேசினேன். வெட்கத்தில் காது எரிந்தது, இருந்தாலும் பூவிழியை அறைக்குள் அவிழ்த்து விட்டால் பேச்சு தானாக வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் பேசினாலும் முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், எந்தக் குரல் யாருடையது என்று தெரிவதற்காக. ரெக்கார்டிஸ்ட் சேவியர் அண்ணன் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, "பேரச் சொல்லும்மா" என்றார். என் பெயர் கோமேதகம். எங்கள் அப்பா மூன்று பெண்களுக்கும் கல்லின் பெயராக வைத்தார், அக்காக்களுக்கு மரகதம், மாணிக்கம் என்று நல்லதாகப் போய்விட்டது, எனக்கு மிஞ்சியது இது. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அப்புறம் கல்யாணமாகி 'தணிகா பொண்டாட்டி' ஆனேன், பிள்ளை பிறந்து 'பூவிழி அம்மா' ஆனேன், என் பெயரை நானே சொல்லி ஆறு வருஷம் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆம்பளைகள். தலையைக் குனிந்துகொண்டு, "மங்களநாயகி" என்று சொன்னேன்.

சேவியர் அண்ணன் சிரித்தார். "சரி விடு, எப்படியும் அழிக்கப்போறதுதானே" என்றார்.

அழிக்க முடியவில்லை. பெரிய நடிகை சஹானாஸ்ரீ வந்து மூன்று நாள் பேசினார். நன்றாகத்தான் பேசினாராம், ஆனால் அவர் பேசிய வார்த்தை எதுவும் எருமையின் வாயில் நிற்கவில்லை, வழுக்கிப்போய்க் கொம்பில் தொங்கியது, சிலது வாலில் போய் ஒட்டிக்கொண்டது. தேதி நெருங்கிவிட்டது. படத்தில் என் குரலை வைத்தார்கள், திரையில் அவர் பெயரைப் போட்டார்கள். ஆதவன் சார் என் வீட்டுக்காரரிடம், "அடுத்த படத்துல உங்க மிஸஸ் பேரு கண்டிப்பா வரும் தணிகா" என்றார். என் வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொன்னார். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன், வடித்து முடித்தேன்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று சொல்லும்போது 'போதும்' வரவில்லை. பால்காரர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அதற்குள் தியேட்டர் பின்சுவரின் காற்று ஓட்டை வழியாக என் குரல் "உன்னத் தேடியே என் ஆயுசு தீரப்போவுது" என்று சொன்னது, உள்ளே ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். பால்காரர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிம்மா, வந்ததும் சொல்லு" என்று போய்விட்டார்.

சந்து பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாடியில் தையல் மிஷின் வைத்திருக்கிற தனபாக்கியம் அக்கா காட்சி நேரங்களை ஒரு அட்டையில் எழுதிக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டாள். என்னிடம் கேட்க வேண்டியதை ஜனங்கள் இடைவேளைக்கு எடுத்துவைத்தார்கள். பத்து நிமிஷத்தில் வாசலில் நாலு பேர் நிற்பார்கள், இட்லி மாவு இருக்கா, உன் புருஷன் எப்ப வருவான், எங்க வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொன்னியா, இல்லை, ஏழு மணிக்கு, சொல்லிட்டேன். கண்டக்டரோடு சண்டை போடுகிற காட்சி முடிந்து வந்தால் தொண்டை கட்டியிருக்கும், வார்த்தைக்கு வார்த்தை பாப்கார்ன் வாசம் அடிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, குரல்தான் டூட்டிக்குப் போயிருக்கு" என்று சொல்லிச் சீட்டில் 'வெந்நீர்' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்காரம்மா சம்பூர்ணம் மட்டும் கெட்டிக்காரி. தண்ணி மோட்டாரை யார் எப்போது போடுவது என்கிற பஞ்சாயத்தை எப்போதும் மேட்னியில்தான் எடுப்பாள். எல்லாரையும் நிற்கவைத்து, "பூவிழி அம்மா சாயங்காலம் புடிச்சுக்கட்டும், அவளுக்கு ஆட்சேபனை இருந்தா சொல்லட்டும்" என்பாள். நான் நிற்பேன். சுவருக்குள் என் குரல் கண்டக்டரைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருக்கும்.

"பாரு, ஒண்ணும் சொல்லல. சம்மதம்" என்பாள் சம்பூர்ணம்மா.

என் வீட்டுக்காரரைப் பற்றி என்னத்தைச் சொல்ல. ஒன்பதே முக்கால் காட்சி ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு வரப் பழகினார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டியா" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். படம் முடிந்து குரல் வந்த பிறகு, காலையில் திட்டலாம் என்றால், அதற்குள் எனக்கே மறந்திருக்கும், குரலும் களைத்திருக்கும். நாள் முழுக்க ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்த குரலுக்கு வீட்டில் திட்டுவதற்குத் தெம்பு ஏது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பூவிழிதான்.

அவளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாள் முழுக்க நான் ஊமை போல அவளுக்கு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், தட்டினேன். குரலோ சுவருக்குள்ளிருந்து வந்தது. முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சந்துக்குப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். மேட்னியில் அங்கேயே நின்றபடி தூங்கிப்போவாள், நான் தூக்கி வருவேன், கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். அறுபதாவது நாள் மேட்னிக்கு, சுவரைத் தட்டி, "அம்மா" என்றாள்.

முதல் வார்த்தை. நான் அவளுக்குப் பின்னால் இரண்டடியில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். தனபாக்கியம் அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினாள். சம்பூர்ணம்மாகூட அன்றைக்கு மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு சுவரில் ஒட்டியிருந்த எருமை போஸ்டரையும் அம்மா என்றாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை, சோறு வேண்டுமென்றால் புடவையைப் பிடித்து இழுப்பாள்.

நூறாவது நாள் விழாவை டிவியில் காட்டினார்கள். அன்றைக்குத் தியேட்டரில் ஒரு காட்சியை நிறுத்தியிருந்ததால் என் குரல் வீட்டில் இருந்தது. சிறந்த குரலுக்கான விருதை சஹானாஸ்ரீ வாங்கிக்கொண்டு, "இந்த ரோலுக்காக மூணு மாசம் எருமைகளோட வாழ்ந்தேன்" என்றார். என் வீட்டில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எருமை யாருடி இதுல, நீயா?" என்றாள் தனபாக்கியம் அக்கா. "இப்பதான் வாயி இருக்கே, எதாவது சொல்லித் தொலையேன்."

"மெதுவா பேசுக்கா" என்றேன். "புள்ள தூங்குது."

"நல்லா இருக்குடி. உன் குரலு இல்லாதப்ப நீ பேசாதது நியாயம். இருக்கறப்பவும் பேசலன்னா, அது போனதே தெரியாதேடி உனக்கு."

போய்ப் பூவிழியின் போர்வையைச் சரிசெய்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். படம் தியேட்டரை விட்டுப் போகிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பொங்கலிலிருந்து போனில் வருகிறது என்றார். போனில் வந்தால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தியேட்டருக்காவது மணி உண்டு, இடைவேளை உண்டு. எங்கள் சந்தில் மட்டும் நாற்பது போன் இருந்தது, ஒன்று அணைந்தால் ஒன்று எரியும். என் குரல் ஒருநாளும் வீட்டுக்கு வரப்போவதில்லை, என் பிள்ளை நாற்பது போனையும் அம்மா என்று கூப்பிடப்போகிறாள்.

சேவியர் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாராம். "தப்பு என்மேலயும் இருக்கு தணிகா. அன்னிக்கு அது பேரச் சொல்லல. மங்களநாயகின்னு சொன்ன குரல் மங்களநாயகிகிட்டதான் போவும், வேற எங்க போவும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தைப் போன் கம்பெனிக்கு அனுப்பறோம். அதுக்குள்ள தங்கச்சியக் கூட்டிட்டு வா. ஒரே ஒரு தடவ பேரச் சொன்னா போதும், முன்னாடி சேத்துடறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை துணி நிறைய இருந்தது என்று போகவில்லை. வியாழக்கிழமை தலைவலி என்றேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் பேரத்தானேடி சொல்லணும். கோர்ட்டுல சாட்சியா சொல்லச் சொல்றாங்க?"

சாட்சி சொல்லச் சொன்னால் போயிருப்பேன். இதை அவரிடம் எப்படி விளக்குவது. அப்போது மணி இரண்டு பதினாறு வேறு ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமையும் காலைக் காட்சி தொடங்கும்வரை இழுத்தடித்தேன், அதற்கு மேல் வேறு வழியில்லை. நான் எங்கே இருந்தாலும் குரல் வீட்டுக்குத்தான் வரும், அதனால் ஒரு மணி வரைக்கும் வாசலில் காத்திருந்தேன். வந்ததும் வாயை மூடிக்கொண்டு, சிந்திவிடாமல், பூவிழியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். நாலே தெரு. ஆனால் அங்கே ஒரு சீரியல்காரர் அழுகைக் காட்சிக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அழுது முடித்து, போதாது என்று மறுபடி அழுது, தண்ணீர் குடித்து, வெளியே வரும்போது மணி இரண்டு ஐந்து.

"சீக்கிரம்மா" என்றார் சேவியர் அண்ணன். பூவிழியை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆதவன் சார், சேவியர் அண்ணன், இன்னும் இரண்டு பேர். மைக் என் மூக்குக்கு முன்னால் இருந்தது.

"பேரச் சொல்லும்மா."

வாயைத் திறந்தேன். குரல் இருந்தது, நாக்கின் நுனிவரைக்கும் வந்து நின்றது. பெயர் வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சிரிப்பு வந்தது, அப்பா முகம் வந்தது, கல் பதித்த தோடு வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. இரண்டு எட்டு. இரண்டு பத்து. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார், கோ, கோ என்று. அவரைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு பன்னிரண்டுக்குப் பூவிழி அவர் கையிலிருந்து நழுவி இறங்கினாள். அவர்கள் நின்ற அறையின் பின்சுவரில் ஆளுயரத்துக்கு எருமை போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய், எருமையின் காலைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடியைத் தாண்டி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தைத் தூக்கி வாயைத் திறந்து மூடியது பக்கவாட்டில் தெரிந்தது, என்ன வார்த்தை என்பதும் தெரிந்தது.

"அங்க இல்லடி" என்றேன். "அது எருமடி. உன்னப் பத்து மாசம் சுமந்தவ இங்க நிக்கிறேன், உனக்குச் சோறு ஊட்டினவ இங்க நிக்கிறேன், உன் மூக்கச் சிந்தினவ இங்க நிக்கிறேன், நீ சொவத்தப் போயி அம்மாங்கிற, காயிதத்தப் போயி அம்மாங்கிற, திரும்புடி இந்தப் பக்கம். நான்தான்டி உங்கம்மா. என் பேரு கோமேதகம். கேட்டுக்க. கோமேதகம். சிரிக்கிறவங்க சிரிங்க, எங்கப்பன் வெச்ச பேரு, நல்ல பேருதான்."

பெரிய ஸ்பீக்கரில் அது அந்தப் பக்கம் இடி மாதிரி விழுந்திருக்க வேண்டும். நாலு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பூவிழி போஸ்டரை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள், அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், மணி இரண்டே கால், குரல் போய்விட்டது.

"பேரு மட்டும் சொல்லச் சொன்னா..." என்றார் ஆதவன் சார்.

"முன்னாடி இருக்கறத வெட்டிட்டு வெறும் பேர மட்டும் வெச்சுக்கறேன் சார்" என்றார் சேவியர் அண்ணன்.

பொங்கலன்று காலை பானை பொங்கி இறக்கின பிறகு சந்தே என் வீட்டு வாசலில் கூடிவிட்டது. பத்து மணிக்குப் படம் போனில் வரும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் ஞாபகம் வந்த வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அரிசி டப்பா எங்கே, பூவிழிக்கு இருமல் மருந்து எத்தனை மூடி, மோட்டார் காலையிலதான் போடுவேன், சாயங்காலம் புடிக்க மாட்டேன். கடைசியை சம்பூர்ணம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"இத்தன நாளா சொல்லலியே" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரர் போனை வாசற்படியில் சாய்த்துவைத்து அமுக்கினார். பஸ் ஸ்டாண்டு வந்தது. எருமை வந்தது. வாயைத் திறந்து, முதல் வசனம் பேசுவதற்கு முன்னால், "அங்க இல்லடி" என்றது. பத்து மாசத்தையும் சோற்றையும் மூக்கையும் ஒன்று விடாமல் சொன்னது. "என் பேரு கோமேதகம், கேட்டுக்க, கோமேதகம்" என்றது. சேவியர் அண்ணன் பிற்பாடு சத்தியம் செய்தார், பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் வெட்டித்தான் அனுப்பினாராம், அது தானாக ஏறிக்கொண்டதாம். சந்தில் நாற்பது போனும், கேட்டவர்கள் சொன்னபடி இருநூறு ஊரும், அன்றைக்குப் பத்து மணிக்கு என் பெயரைக் கேட்டன.

"கோமேதகமா உன் பேரு?" என்றாள் தனபாக்கியம் அக்கா. "ரெண்டு வருஷமா உன் ஜாக்கெட்டுக்கெல்லாம் பூவிழி அம்மான்னு சீட்டு குத்திவெக்கிறேன்."

"ஆமாக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எருமை போனில் பேசிக்கொண்டிருக்கிறது. நானும் பேசுகிறேன்.

பூவிழி போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். எருமையைப் பார்த்தாள். திரும்பி, மாவுக் கையோடு நின்ற என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். போனில் விரலை வைத்து, "எரும" என்றாள். என்னைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

அதோடு நிறுத்தினாளா என்றால் இல்லை. சரியாகத்தான் சொன்னோமா என்று பார்ப்பதற்காக இன்னொரு தடவை சொன்னாள், நான் என்னடி என்றேன், ஒன்றுமில்லை, மறுபடி அம்மா. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அம்மா, அடுப்படியில் கால் இடுக்கில் அம்மா, தூக்கத்தில் புரண்டு படுத்து அம்மா. அன்றைக்கு ஆரம்பித்தது. காலைக் காட்சி, மேட்னி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. இடைவேளைகூட விடுவதில்லை.